ஒருவர் உள்ளே வந்தால்: ஓர் அரட்டை வரியின் பயணம்

இன்டர்நெட் ரிலே சாட் எனப்படும் ஐஆர்சி அரட்டையில் ஒருவர் ஒரு சேனலுக்குள், அதாவது ஓர் அரட்டை அறைக்குள், நுழைந்ததும், அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொருவருடைய கணினிக்கும் சர்வர் ஒரு வரி அனுப்புகிறது. தொடக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி. அடுத்து வந்தவருடைய நிக் (அவர் வைத்துக்கொண்ட அரட்டைப் பெயர்), ஓர் ஆச்சரியக்குறி, பயனர்பெயர், ஒரு @, அவர் எந்தக் கணினியிலிருந்து வருகிறார் என்ற முகவரி. அதன்பின் ஜாயின் என்ற கட்டளை, சேனலின் பெயர். வேறெதுவும் இல்லை. அரட்டை மென்பொருள் இதைப் படித்து, இன்னார் சேர்ந்தார் என்று திரையில் காட்டும். உட்கார்ந்திருப்பவர் பார்ப்பார், தோன்றினால் வணக்கம் சொல்வார்.

காட்டுவதோடு மென்பொருள் ஏன் நிற்க வேண்டும், ஒருவர் உள்ளே வந்தால் நான் சொல்லிவைத்ததை அதுவே செய்யட்டுமே என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் 'ஆன் ஜாயின்' என்று தொடங்கும் ஒற்றை வரி. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது ஆட்களை வரவேற்றிருக்கிறது, சேனல்களுக்குக் காவல் இருந்திருக்கிறது, நோய் பரப்பியிருக்கிறது. கணினி அறிவியல் எதுவும் படிக்காத ஏராளமான இளைஞர்களுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அது யார் கையில் இருந்தது, இப்போது யார் கையில் இருக்கிறது என்பதே எனக்கு முக்கியமான கேள்வி.

ஐஆர்சி 1988 ஆகஸ்டில் ஃபின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. யார்க்கோ ஓய்காரினென் அங்கே ஊலுபாக்ஸ் என்ற பொதுத் தகவல் பலகையைப் பராமரித்துவந்தார். அதிலிருந்த பலர் பேசும் நிரலுக்கு மாற்றாக ஒன்றை எழுதப்போய், அது ஃபின்லாந்தைத் தாண்டி வளர்ந்துவிட்டது. 1993 மே மாதம் அவரும் டேரன் ரீடும் சேர்ந்து அதன் விதிகளை ஆவணமாக எழுதினார்கள். இணைய உலகில் அதன் எண் 1459. அந்த ஆவணத்தின்படி எந்தச் செய்தியும் ஒரே வரிதான். வரியின் முடிவைக் குறிக்கும் இரண்டு குறிகளையும் சேர்த்து 512 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஜாயின், பார்ட், கிக், நிக், க்விட் என்று நடப்பவை எல்லாம் படிக்கக்கூடிய ஆங்கிலச் சொற்களாகவே கம்பியில் பயணிக்கும். இந்த எளிமை இல்லாவிட்டால் நம் வரி பிறந்திருக்காது. ஒரு நிகழ்வு ஒரு வரியாக, அதுவும் முதலிலேயே பெயர் சூட்டப்பட்டு வந்தால், அதைப் பிடித்து வேலை வாங்க எவராலும் முடியும்.

பிறந்த ஊரின் தழும்பு ஒன்றும் அந்த விதிகளில் இருக்கிறது. அக்கால ஃபின்னிஷ் விசைப்பலகைகளில் நெளிவு அடைப்புக்குறிகளும் நேர்க்கோடும் இருக்க வேண்டிய இடங்களில் அவர்கள் மொழியின் புள்ளி வைத்த எழுத்துகள் இருந்தன. அதனால் சதுர அடைப்புக்குறி பெரிய எழுத்து, நெளிவு அடைப்புக்குறி அதன் சிறிய எழுத்து என்று ஐஆர்சி கணக்கு வைக்கிறது. ஒரே நிக்கை இரண்டு விதமாக எழுதலாம். உள்ளே வந்தவர் யார் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஸ்கிரிப்ட், அதாவது பயனர் எழுதும் சிறு நிரல், இது தெரியாமல் எழுதப்பட்டிருந்தால், ஆளை மாற்றிப் புரிந்துகொள்ளும்.

மனிதர் இல்லாமல் தானே பேசும் நிரல்கள், அதாவது பாட்கள், ஐஆர்சியின் தொடக்க நாட்களிலேயே வந்துவிட்டன. யுர்கி அலக்குயாலாவின் புப்பே, கிரெக் லிண்டாலின் விளையாட்டு நடத்தும் பாட், பில் விஸ்னரின் பார்டெண்டர் ஆகிய மூன்றும் மூத்தவை. அவை ஒவ்வொன்றும் தனி நிரல். எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நம் வரி அந்த வழியில் வரவில்லை. அது சாதாரண அரட்டைக்காரர் தினமும் திறந்துவைத்திருக்கும் மென்பொருளுக்குள்ளேயே குடிபுகுந்தது. இடம் கொடுத்தது மைக்கேல் சாண்ட்ராஃப் எழுதிய ஐஆர்சி-2 என்ற யூனிக்ஸ் மென்பொருள். அதில் ஒரு சாய்கோடு போட்டு 'ஆன்' என்று தட்டி, நிகழ்வின் பெயர், யாருக்குப் பொருந்த வேண்டும் என்ற நட்சத்திரக்குறி, செய்ய வேண்டிய வேலை ஆகியவற்றை எழுதினால் போதும். நிகழ்வின் பெயருக்கு முன்னால் ஒரு மேல்நோக்கிய கூர்குறி போட்டால், வழக்கமாகத் திரையில் வரும் அறிவிப்பு வராது. நீங்கள் எழுதியது மட்டும் நடக்கும்.

அந்தக் கூர்குறியை நான் மிகவும் மதிக்கிறேன். வந்த செய்தியை எப்படிக் காட்டுவது என்ற முடிவை மென்பொருள் எழுதியவரிடமிருந்து பயனரிடம் மாற்றித் தந்தது அந்த ஒற்றைக் குறிதான். பிடிக்காதவர் வந்து போவதைத் திரையில் காட்டாமல் விடலாம், நண்பர் வந்தால் மணி அடிக்கச் செய்யலாம், ஊர் பேர் தெரியாத முகவரியிலிருந்து வருபவரை வேறு சாளரத்தில் குறித்துவைக்கலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இதற்கிடையே சேனல்களில் சண்டை தொடங்கியிருந்தது. ஐஆர்சியில் ஒரு சேனலுக்கு நிலையான உரிமையாளர் கிடையாது. காலியான சேனலில் முதலில் நுழைபவருக்கு 'ஆப்' என்ற அதிகாரம் கிடைக்கும். அவர் யாரையும் வெளியேற்றலாம், தடை போடலாம், அந்த அதிகாரத்தை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். எல்லோரும் வெளியேறினால் அதிகாரமும் போய்விடும். இதில் பெரிய ஓட்டை நெட்ஸ்ப்ளிட். இரண்டு சர்வர்களுக்கு இடையே இணைப்பு அறுந்தால் சேனலே இரண்டாகப் பிளக்கும். பிளந்த ஒரு பக்கம் ஆளில்லாமல் இருந்தால் அங்கே ஒருவர் நுழைந்து ஆப் வாங்கிக்கொள்வார். இணைப்பு திரும்பியதும் அந்த அதிகாரத்தோடு இந்தப் பக்கம் வந்து, பழைய ஆட்களை விரட்டிச் சேனலைப் பிடித்துக்கொள்வார். இப்படிக் கைப்பற்றுவதே சிலருக்குப் பொழுதுபோக்காக இருந்தது.

ஆகவே ஆன் ஜாயின் வரிக்குப் புதிய வேலை வந்தது. நம்பிக்கைக்கு உரியவர் உள்ளே வந்தால் உடனே அவருக்கு ஆப் கொடு. தடைப்பட்டியலில் இருப்பவர் வந்தால் வெளியே தள்ளு. இதை இருபத்து நான்கு மணி நேரமும் செய்ய மனிதரின் கணினி போதாது. 1993 டிசம்பரில் ராபி பாயின்டர் எக்டிராப் என்ற பாட்டை எழுதினார். ஈஎஃப்நெட் வலையில் தன்பாலீர்ப்பு இளையோருக்கான ஒரு சேனலில் ஓயாமல் நடந்த சண்டைகளைத் தடுக்கவே அது எழுதப்பட்டது. அதன் உடல் சி மொழியில் எழுதப்பட்டது. ஆனால் பயனர் தன் விருப்பத்தைச் சேர்க்க, பெர்க்லியில் ஜான் அவுஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிசிஎல் மொழியைக் கொடுத்தார்கள். 'பைண்ட் ஜாயின்' என்று எழுதி ஒரு செயல்முறையின் பெயரைச் சொன்னால், யாராவது நுழையும்போதெல்லாம் அவருடைய நிக், முகவரி, பாட்டின் பதிவேட்டில் அவருக்குள்ள பெயர், சேனல் ஆகிய நான்கும் அந்தச் செயல்முறைக்குக் கையளிக்கப்படும். பல எக்டிராப்கள் தங்களுக்குள் இணைந்து, ஒன்று விழுந்தால் இன்னொன்று அதைத் தூக்கிவிடும்படி காவல் இருந்தன.

ஆனால் நம் வரி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது எக்டிராப்பால் அல்ல. 1995 பிப்ரவரி 28 அன்று காலித் மார்டம்-பே விண்டோஸுக்கான எம்ஐஆர்சியின் முதல் பதிப்பை வெளியிட்டார். தனி ஒருவர் எழுதிய மென்பொருள். முப்பது நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம் என்ற முறையில் பரவியது. ஆல்ட் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தினால் 'ரிமோட்' சாளரம் திறக்கும். யூனிக்ஸ் தெரியாத, கம்பைலர் என்ற பெயரையே கேட்டிராத இளைஞர்கள் அங்கேதான் தங்கள் முதல் நிரலை எழுதினார்கள்.

எம்ஐஆர்சி வரியின் அமைப்பைச் சற்று நின்று பார்க்கலாம். 'ஆன்', ஓர் எண், முக்காற்புள்ளி, 'ஜாயின்', முக்காற்புள்ளி, சேனலின் பெயர், முக்காற்புள்ளி, பிறகு கட்டளை. வந்தவரின் பெயர் தேவைப்படும் இடத்தில் டாலர் குறி போட்டு நிக் என்று எழுதினால், ஓடும்போது அங்கே உண்மையான பெயர் வந்து உட்காரும். எந்தச் சேனலானாலும் சரி என்றால் வெறும் # போதும்.

அந்த எண்தான் சூட்சுமம். அது பயனரின் தரநிலை. முன்பின் தெரியாத எவருக்கும் 1. நண்பர்களைப் பட்டியலில் சேர்த்து 50, 100 என்று உயர்ந்த எண் கொடுக்கலாம். ஆன் 100 என்று தொடங்கும் ஜாயின் வரி, 100-ஐ எட்டிய நண்பர்கள் வந்தால் மட்டும் கண் விழிக்கும், அவர்களுக்கு ஆப் கொடுக்கும். யாரை எவ்வளவு நம்புவது என்பதை ஓர் எண்ணாக எழுதிவைக்க வேண்டியிருந்தது. பலர் பட்டியலில் நிக்கை மட்டும் எழுதினார்கள். ஐஆர்சியின் மூல விதிகளில் நிக் யாருக்கும் சொந்தமில்லை. இன்று உங்களுடையதை நாளை நான் வைத்துக்கொள்ளலாம். வேறொருவர் நண்பரின் நிக்கோடு வந்தார், வரி அவருக்கு ஆப் கொடுத்தது, சேனல் போயிற்று. பெயரை நம்பாதே, ஆச்சரியக்குறிக்குப் பின்னால் இருக்கும் முகவரியையும் சேர்த்துப் பார் என்பதை அந்தத் தலைமுறை இப்படித்தான் கற்றது. அடையாளமும் அதற்கான சான்றும் வேறு வேறு என்ற பாடத்தைப் பாதுகாப்புத் துறைப் புத்தகங்கள் பல பக்கங்களில் சொல்கின்றன.

இன்னொரு நுணுக்கம். நீங்களே சேனலுக்குள் நுழைந்தாலும் ஆன் ஜாயின் ஓடும், ஏனென்றால் சர்வர் அந்த வரியை உங்களுக்கும் அனுப்புகிறது. ஆனால் ஆன் டெக்ஸ்ட் என்ற நிகழ்வு நீங்கள் தட்டியதற்கு ஓடாது. நீங்கள் எழுதியதைச் சர்வர் உங்களுக்குத் திருப்பி அனுப்புவதில்லை. அதற்கு ஆன் இன்புட் என்று வேறு நிகழ்வு உண்டு. ஒரே கோப்பில் பொருந்தக்கூடிய வரிகள் இரண்டு இருந்தால் முதலாவது மட்டுமே ஓடும். இரண்டாவதை வேறு கோப்பில் வைத்தால் இரண்டும் ஓடும். என் ஸ்கிரிப்ட் ஏன் வேலை செய்யவில்லை என்ற புலம்பல்களில் பெரும்பங்கு இந்த விதியால் வந்தது. அதைக் கண்டுபிடிக்க வரிவரியாக மாற்றிப் பார்த்து இரவெல்லாம் உட்கார்ந்தவர்கள், நிரலாக்கத்தின் நடுநாயகமான வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

முதலில் எல்லோரும் எழுதியது வரவேற்புதான். கல்யாண மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பவரைப் போல, நுழையும் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு வணக்கம், வண்ணம் பூசிய எழுத்துகளில், பக்கத்தில் ஓர் ஆஸ்கி ரோஜா. பத்துப் பேர் உள்ள சேனலில் இது அன்பாக இருந்தது. பெரிய சேனலில் அதே வரி தன்னை எழுதியவரையே வெளியே தள்ளியது. காரணம் சர்வரின் வெள்ளத் தடுப்புக் கணக்கு. விதிகளின்படி ஒருவர் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் அவர் கணக்கில் 2 விநாடி ஏறும். கணக்கு நிகழ்நேரத்தைவிட 10 விநாடி முன்னே போய்விட்டால், அது குறையும்வரை சர்வர் அவர் சொல்வதைப் படிக்காது. நெட்ஸ்ப்ளிட் முடிந்து 200 பேர் ஒரே நொடியில் திரும்பி வருகிறார்கள் என்று வையுங்கள். 200 ஜாயின், 200 வணக்கம், கணக்கில் 400 விநாடி. படிக்கப்படாத வணக்கங்கள் குவிந்து இடம் நிரம்பியதும் 'எக்சஸ் ஃப்ளட்' என்று காரணம் சொல்லி இணைப்பைச் சர்வர் துண்டிக்கும். அன்பாக வரவேற்றவர் அனைவருக்கும் முன்னால் மறைந்துபோவார்.

இதற்குக் கண்ட தீர்வுகள் அழகானவை. நெட்ஸ்ப்ளிட்டில் ஒருவர் போகும்போது, அவர் விடைபெறும் செய்தியாக, பிரிந்த இரண்டு சர்வர்களின் பெயர்களும் நடுவே ஓர் இடைவெளியோடு வரும். ஆகவே ஆன் க்விட் வரியில் அந்த வடிவத்தைக் கண்டால் பெயரைக் குறித்துவை. அவரே திரும்பி வந்தால் ஆன் ஜாயின் பேசாமல் இருக்கட்டும். அதாவது ஒரு வரி இன்னொரு வரிக்காக நினைவை விட்டுச்செல்ல வேண்டும். மாறி, வரிசை, நேரங்காட்டி என்று நிரலாக்கத்தின் மற்ற கருவிகள் எல்லாம் தேவை வந்த பிறகு ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. பாடத்திட்டத்தில் இவை எதற்கென்று தெரியாமலேயே முதலில் வந்துவிடுகின்றன. தேவை அதன்பின் வருவதே இல்லை என்பது என் குறை.

இரண்டு தானியங்கிகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டே போவது இன்னொரு ஆபத்து. ஒன்று வரவேற்கும், அடுத்தது நன்றி சொல்லும், முதலாவது அதற்குப் பதில் சொல்லும், நிற்காது. 1459 ஆவணம் இதை எதிர்பார்த்து ஒரு மரியாதையை எழுதிவைத்தது. சாதாரணப் பேச்சுக்கு ஒரு கட்டளை, நோட்டீஸ் என்று வேறொரு கட்டளை. நோட்டீஸாக வந்த எதற்கும் தானாகப் பதில் அனுப்பவே கூடாது. எந்தச் சர்வரும் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. எழுதுபவரின் பொறுப்பை நம்பி விடப்பட்ட விதி இது. நல்ல ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் தங்கள் பாட்டை நோட்டீஸிலேயே பேசவைத்தார்கள்.

அந்தப் பொறுப்பு இல்லாதவர்களும் அதே வரியை எழுதினார்கள். 1994 அக்டோபரில், ஐஆர்சி-2 மென்பொருளின் 2.2.9 பதிப்பின் மூலநிரலில் யாரோ பின்கதவு வைத்திருக்கிறார்கள் என்று கணினிப் பாதுகாப்பு எச்சரிக்கைகளை வெளியிடும் செர்ட் அமைப்பு எச்சரித்தது. அது மூலநிரலைத் தொட்ட வேலை. 1997 இறுதியில் வந்ததற்கு அவ்வளவு சிரமமும் தேவைப்படவில்லை. அப்போதைய எம்ஐஆர்சியில், ஒருவர் நேரடியாக அனுப்பும் கோப்பு மென்பொருள் இருக்கும் அதே கோப்புறையில்தான் வந்து விழும். அந்தக் கோப்புறையில் ஸ்கிரிப்ட்.ஐஎன்ஐ என்ற பெயரில் எது இருந்தாலும் எம்ஐஆர்சி அதை எடுத்து ஓட்டும். கோப்புகளைக் கேட்காமலேயே வாங்கிக்கொள்ளும்படி அமைத்திருந்தவர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்து நோயாயின. உள்ளே இருந்தது நம் வரியேதான்: ஒருவர் சேனலுக்குள் வந்தால், அவருக்கு இந்தக் கோப்பை அனுப்பு. வந்தது நானே என்றால் நிறுத்து என்ற சோதனையைக்கூட, வரவேற்பு எழுதியவர்கள் செய்ததைப் போலவே அதுவும் செய்தது. சில வகைகளில், எழுதியவருக்குத் தெரிந்த ஒரு சொல்லைச் சேனலில் சொன்னால் நோயுற்ற கணினி அவருக்குக் கீழ்ப்படிந்தது.

2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகெங்கும் மின்னஞ்சலில் பரவிய காதல் கடிதப் புழுவைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். அதற்கு ஐஆர்சி வழியாகவும் ஒரு கால் இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கணினியில் எம்ஐஆர்சி இருப்பதைக் கண்டால் அந்தப் புழு ஒரு ஸ்கிரிப்ட்.ஐஎன்ஐ எழுதிவைக்கும். சேனலுக்கு வருபவர்களுக்கெல்லாம் கடிதத்தின் வலைப்பக்க வடிவத்தை அனுப்பும் ஆன் ஜாயின் வரி அதில் இருந்தது. தயவுசெய்து இதைத் திருத்த வேண்டாம், திருத்தினால் விண்டோஸ் கெட்டுவிடும் என்ற பொருளில் ஒரு குறிப்பு, கீழே காலித் மார்டம்-பேயின் பெயர். அவருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தன் மென்பொருளைப் பயனர் திறந்து பார்க்கட்டும், திருத்தட்டும் என்று விட்ட மனிதரின் பெயரை, திறக்காதே என்று சொல்லப் பயன்படுத்திய அந்தக் காரியம் இன்றும் எனக்குக் கோபமூட்டுகிறது.

அடுத்தடுத்து வந்த எம்ஐஆர்சி பதிப்புகள் பதிவிறக்கத்துக்குத் தனிக் கோப்புறை வைத்தன, ஆபத்தான கோப்பு வகைகளைத் தொடக்கத்திலேயே மறுத்தன. தாக்குதல் இடம் மாறியது. இந்த வரியைத் தட்டிப் பார், ஆப் கிடைக்கும் என்று யாரோ ஒருவர் படிக்க முடியாத எழுத்துக் குவியலை அனுப்புவார். தட்டினால் அது தன்னைத்தானே விரித்து ஒரு கோப்பாக எழுதி ஏற்றிக்கொள்ளும். குறிவிலக்கும் அந்த வசதியைப் பின்னர் எம்ஐஆர்சி தொடக்கத்திலேயே பூட்டிவைத்தது. நல்லெண்ணத்தோடு எழுதிய வரிகளிலும் ஓட்டை இருந்தது. சேனலில் வந்த பேச்சை ஐந்து விநாடி கழித்துச் சொல் என்று நேரங்காட்டியிடம் கொடுத்தால், நேரம் வந்ததும் அது அந்தப் பேச்சை மீண்டும் ஒருமுறை நிரலாகப் படித்துப் பார்க்கும். பேசியவர் டாலர் குறியோடு எதையாவது எழுதியிருந்தால் அது உங்கள் கணினியில் ஓடும். இதைத் தடுக்கவே தனியாக ஒரு குறிச்சொல் பின்னால் சேர்க்கப்பட்டது. அந்நியர் தந்த எழுத்து எப்போதும் எழுத்தாகவே இருக்க வேண்டும், கட்டளையாக மாறவே கூடாது: இன்றைய வலைத்தளங்கள் போராடுவதும் இதே நோயோடுதான்.

லினக்ஸ் பக்கத்தில் நம் வரி உடை மாற்றிக்கொண்டது. 1999-இல் தீமோ சிராய்னென் வெளியிட்ட இர்சி என்ற அரட்டை மென்பொருள், நிகழ்வுகளைச் சிக்னல் என்று அழைத்து பெர்ல் மொழியில் கையாளச் செய்தது. எக்ஸ்சாட் என்ற இன்னொரு மென்பொருளில் ஒரு செயல்முறை தன் வேலை முடிந்ததும் நிகழ்வை மற்றவர்களுக்கு விடுகிறதா, தானே விழுங்கிவிடுகிறதா என்று திருப்பிச் சொல்ல வேண்டும். பழைய கூர்குறியின் வேலையைத்தான் அது செய்தது.

தமிழில் ஒரு வரவேற்பு வரி எழுத நினைத்தவருக்கு 512 பைட்டு என்ற எல்லை வேறு விதமாக முகம் காட்டியது. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டு. வணக்கம் என்ற சொல்லில் உயிர்மெய்களும் புள்ளிகளுமாக ஏழு குறிகள், ஆக 21 பைட்டு. அதையே ரோமன் எழுத்தில் தட்டினால் 8. அனுப்புபவரின் முகவரியும் சேனல் பெயரும் போக மிஞ்சும் இடத்தில் தமிழ் வாக்கியம் நூற்று முப்பது, நாற்பது குறிகளிலேயே மூச்சு முட்டும். எல்லை ஓர் எழுத்தின் நடுவே விழுந்தால் கடைசி எழுத்து உடைந்து கட்டமாகத் தெரியும். நிக்கில் அனுமதிக்கப்பட்டதோ ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டுமே. எம்ஐஆர்சி முழு யூனிகோடுக்கு மாறியது 2010-இல் தொடங்கிய ஏழாம் பதிப்பு வரிசையில்தான். அதுவரை ரோமன் எழுத்தில் தமிழ் தட்டியவர்களைச் சோம்பேறிகள் என்று குறைசொல்வது நியாயமில்லை. கருவி அவர்களுக்கு அந்த வழியைத்தான் விட்டிருந்தது.

நம் வரியின் எண்ணம் அரட்டைக்கு வெளியிலும் தலைகாட்டியது. 2009 நவம்பரில் பெர்லினில் நடந்த ஜாவாஸ்கிரிப்ட் மாநாட்டில் ரயன் டால், ஜாவாஸ்கிரிப்டில் சர்வர் எழுத உதவும் நோட்.ஜேஎஸ்ஸை அறிமுகப்படுத்தினார். நிகழ்வு வரும்வரை காத்திரு, வந்தால் இதைச் செய் என்ற முறையிலேயே சர்வர்களை எழுதலாம் என்பது அவர் வாதம். அதை மெய்ப்பிக்க மேடையில் அவர் காட்டியவற்றில் ஒன்று ஐஆர்சி சர்வர். பல இணைப்புகள் திறந்தபடி இருக்க, எதிலிருந்து எப்போது வரி வரும் என்று தெரியாமல் காத்திருக்கும் வேலைக்கு அரட்டையைவிடப் பொருத்தமான மாதிரி கிடைக்காது. புள்ளி, ஆன், அடைப்புக்குறிக்குள் நிகழ்வின் பெயர், அடுத்து செய்ய வேண்டிய வேலை என்ற அந்த வடிவத்தைப் பார்த்த பழைய ஸ்கிரிப்ட் எழுத்தாளர்களுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு அரட்டையே வீடு மாறியது. ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் சேவையை 2013-இல் வெளியிட்ட குழு, அதற்குமுன் ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தபோது தங்களுக்குள் பேச ஐஆர்சியைத்தான் பயன்படுத்தியது. பழைய மென்பொருள்களிலிருந்தும் ஸ்லாக்குக்குள் வர ஓர் ஐஆர்சி வாசல் சில ஆண்டுகள் திறந்திருந்தது. 2018 மே 15 அன்று அதை மூடினார்கள். அதுவரை ஸ்லாக் சேனல்களிலும் ஒருவர் தன் இர்சியில் எழுதிய வரி ஓடியது, அன்றோடு நின்றது.

2015-இல் வந்த டிஸ்கார்ட் என்ற அரட்டைச் சேவையில் நம் வரிக்கு 'கில்டு மெம்பர் ஆட்' என்று பெயர். எழுதும் முறை ஏறக்குறைய அதேதான். ஆனால் இரண்டு அடிப்படைகள் மாறிவிட்டன. ஐஆர்சியில் சேர்வது என்பது ஒவ்வொரு முறையும் நடப்பது. மாலையில் கணினியைத் திறந்தால் வருவீர்கள், அணைத்தால் போவீர்கள். டிஸ்கார்டில் ஒருவர் ஒரு முறை உறுப்பினரானால் உறுப்பினர்தான், தூங்கினாலும் பட்டியலில் இருப்பார். எனவே தினசரி வருகையை வரவேற்ற வரி, அங்கே வாழ்நாளில் ஒரே முறை ஓடும் பதிவுச் சடங்காகிவிட்டது. விதிகளைப் படி, ஒப்புக்கொள், இந்தப் பொத்தானை அழுத்து என்று அது பேசுகிறது.

இரண்டாவது மாற்றம் ஆழமானது. வரி இப்போது பயனரின் மென்பொருளுக்குள் இல்லை. அவருடைய செயலியில் ஸ்கிரிப்ட் எழுத இடமே கிடையாது. நிறுவனத்திடம் பதிவுசெய்த தனி பாட்டில்தான் எழுத வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து, யார் சேர்ந்தார் என்று தெரிந்துகொள்வதே தனி அனுமதி வேண்டிய விஷயமாயிற்று. 2022 செப்டம்பரிலிருந்து செய்திகளின் வாசகத்தைப் படிக்கவும் அனுமதி வேண்டும். உங்கள் பாட் நூறு சர்வர்களை (டிஸ்கார்டில் சர்வர் என்றால் ஒரு குழு) தாண்டினால் அந்த அனுமதிகளுக்கு நிறுவனத்திடம் விண்ணப்பித்துக் காரணம் சொல்ல வேண்டும்.

இதற்கு நியாயம் உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஐஆர்சியில் ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பாட் எல்லாவற்றையும் பதிந்துகொண்டுபோனால் யாருக்கும் தெரியாது. ஸ்கிரிப்ட்.ஐஎன்ஐ பரவிய நாட்களைப் பார்த்தவர் எவரும் கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஆனால் மற்றவர்களின் பேச்சைச் சேகரிக்கும் பாட்டைக் கட்டுப்படுத்துவது ஒன்று. என் திரையில் எனக்கு வரும் செய்தியை நான் எப்படிப் பார்க்கிறேன், எதற்கு மணி அடிக்கிறேன் என்பதை நானே எழுதுவது வேறு. முதலாவதைக் காக்க இரண்டாவதையும் எடுத்துவிட்டார்கள். ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை தான் தினமும் பேசும் கருவியைத் திறந்து, ஒரு வரி சேர்த்து, அது உடனே ஓடுவதைப் பார்க்கும் வாய்ப்பும் அதோடு போயிற்று. அந்த இழப்பு எனக்குப் பெரியதாகத் தெரிகிறது.

ஐஆர்சி பக்கத்தில், எக்ஸ்சாட்டின் வழித்தோன்றலான ஹெக்ஸ்சாட் 2024 பிப்ரவரியில் தன் கடைசிப் பதிப்பை வெளியிட்டது. இர்சியும் வீசாட் என்ற இன்னொரு மென்பொருளும் எம்ஐஆர்சியும் தொடர்கின்றன. ஐஆர்சி விதிகளைப் புதுப்பிக்கும் ஐஆர்சிவி3 குழு, வரிகளின் முன்னால் கூடுதல் குறிப்புகளைச் சேர்க்க வழிசெய்திருக்கிறது. அவற்றில் ஒன்று செய்தி எழுந்த நேரத்தைச் சொல்லும். ஆள் இல்லாதபோது இணைப்பைத் தாங்கிப்பிடித்து, வந்ததும் பழைய பேச்சைத் திரும்ப ஓட்டிக்காட்டும் இடைநிரல்களால், நேற்றைய பேச்சுக்கு இன்று பதில் சொல்லிவிட்ட ஸ்கிரிப்ட்கள் எத்தனையோ. நேரக் குறிப்பைப் பார்த்தால் அவை பேசாமல் இருக்கலாம். இன்னொரு குறிப்பு, பேசுவது பாட் என்று வெளிப்படையாக அறிவிக்கும். ஆன் ஜாயின் எழுதுபவர் இன்று செய்ய வேண்டிய சோதனைகள் இவை: வந்தது நானா, வந்தது இப்போதா, பிளவிலிருந்து திரும்பியவரா. மூன்றையும் அவரே எழுதலாம், தன் கணினியிலேயே சேமிக்கலாம், யாருக்கும் விண்ணப்பம் போடாமல் இன்றிரவே ஓட்டிப் பார்க்கலாம்.